பதினோரு முக்கோணங்கள்

நான் ஓய்வு பெற்ற மாதம் என் பென்ஷன் காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருந்த இளம் குமாஸ்தா, பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். "மேடம், இத்தனை வருஷத்துல ஒரே ஒரு எச்சரிக்கைதான் இருக்கு. 'ஜனகணதி கச்சா காகிதங்களை ஒப்படைக்காமல் வைத்திருந்ததற்காக'ன்னு போட்டிருக்கு. நீங்களா இப்படி?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். கச்சா காகிதத்தை வைத்திருந்தால் என்ன பெரிய தப்பு என்றாள். அந்த ஆபீஸ் அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்தவள். தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கொஞ்சம் உருது, பள்ளிக்கூடத்தில் கன்னடம். எனக்குத் தமிழைவிடக் கன்னடம் எழுதுவதுதான் கை வந்தது. அதனால் பரீட்சை எழுதி தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது சிரமம் இருக்கவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் நான் சரோஜம்மா. என் பெயரை வைத்தோ பேச்சை வைத்தோ நான் இன்னார் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை. மறைத்தேன் என்று அப்போது நினைக்கவும் இல்லை.

1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது, கன்னடத்தில் ஜனகணதி. கணக்கெடுக்க ஆசிரியர்கள் போதவில்லை என்று எங்கள் ஆபீஸிலிருந்து நாலு குமாஸ்தாக்களை அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் மூன்று நாள் பயிற்சி. ஊரின் வடமேற்கு மூலையில் முதல் எண்ணைப் போட வேண்டும். கெட்டி வீட்டுக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம். தாய்மொழி என்றால் சின்ன வயசில் அந்த ஆளிடம் அவருடைய அம்மா பேசிய மொழி. ஆள் சொல்வதை எழுத வேண்டும், நாம் நினைப்பதை எழுதக் கூடாது.

எங்களுக்கு மேலே சிரஸ்தேதார் நஞ்சப்பா இருந்தார். தாசில்தாருக்கு அடுத்த பதவி. குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் ஆபீஸ் முழுக்க அவருக்குப் பயந்தது. நாம் கொடுக்கும் காகிதத்தை வாங்கி, பேனா மூடியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். தப்பு இருக்கிற இடத்தில் மூடி நின்றுவிடும். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கும் வரைக்கும் மூடி நகராது. ஒரு தடவை மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி பத்து நிமிஷம் அவர் மேஜை முன்னால் நின்றிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அம்மாவுக்கும் மூத்த மகனுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம் எழுதி வைத்திருக்கிறேன். "யாக்கே?" என்றார். ஏன் என்று அர்த்தம். அவர் கேட்கும் கேள்வி எப்போதும் அந்த ஒரு சொல்தான்.

பயிற்சியின் கடைசி நாள் அவர் எழுந்து இரண்டே விஷயம் சொன்னார். நாம் எழுதும் சீட்டு சட்டப்படி ரகசியம், யார் கேட்டாலும் காட்டக் கூடாது. இரண்டாவது, கச்சா நோட்டு, கச்சா வரைபடம் எதுவும் நம் கையில் தங்கக் கூடாது, நல்ல பிரதியோடு சேர்த்து ஒப்படைத்துவிட வேண்டும்.

எனக்கு விழுந்த ஊர் ஒசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நிஜப் பெயர் வேண்டாம், கெரேகோடி என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் மாரம்மா கோயில், அதைச் சுற்றி எழுபது வீடுகள். கேழ்வரகுக் கொல்லை, முசுக்கொட்டைத் தோட்டம், பாதி வீடுகளில் பட்டுப்புழு வளர்க்கிற ஷெட். பொம்மசந்திராவில் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த சமயம் என்பதால் ஊருக்குள் நாலு வீடுகளில் வேலைக்கு வந்த தமிழர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கிழக்கே ஏரி. ஏரிக்கரையைத் தாண்டினால் தைலமரத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் கல்குவாரி. குவாரி ஓரத்தில் பதினோரு குடிசைகள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த கல் உடைக்கிற குடும்பங்கள் அங்கே இருந்தன. ஊர்ப் பாதையில் போகிறவர் கண்ணுக்கு அந்தக் குடிசைகள் தெரியாது.

ஊர்த் தலையாரி பசவய்யா காவி கரைத்த டப்பாவோடு என்கூட வந்தார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கதவில் எழுதுவார். பாரங்களை அடித்துத் திருத்தினால் நஞ்சப்பா மூடியை நிறுத்துவாரே என்ற பயத்தில், எல்லாவற்றையும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். அதிலேயே இரண்டு பக்கத்துக்கு விரித்து ஊரின் படத்தையும் வரைந்தேன். ஏரி, கோயில், மாவு மில், ஒவ்வொரு வீட்டுக்கும் எண். பிற்பாடு கூட்டிப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே மொழிக்கு ஒரு எழுத்தும் போட்டேன். கன்னடத்துக்கு க, தெலுங்குக்கு தெ, உருதுக்கு உ, தமிழுக்கு த.

குடிசைகள் எழுபத்தொன்றிலிருந்து எண்பத்தொன்று வரை. எழுபத்து நாலில் முனியப்பன் இருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், கல் தூசியில் கண் இமையெல்லாம் வெளுத்திருந்தது. மனைவி லட்சுமி, மூன்று பெண் குழந்தைகள். அந்தப் பதினோரு குடும்பத்துக்கும் அவர் பேச்சுதான் பேச்சு என்று பசவய்யா முன்பே சொல்லியிருந்தார், அதனால் முதலில் அவரிடமே போனேன்.

தாய்மொழி என்று கேட்டேன். "கன்னடா" என்றார் முனியப்பன்.

உள்ளேயிருந்து லட்சுமி, "ஏய், அடுப்புக்கிட்டப் போகாத, கால ஒடச்சிடுவேன்" என்று குழந்தையைத் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தர்மபுரி மாவட்டம் என்று அப்போதுதான் எழுதியிருந்தேன். சொன்னதை எழுதிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும், விதி அதுதான். ஆனால் நஞ்சப்பாவின் பேனா மூடி என் கண் முன்னால் வந்து நின்றது. அதோடு, எனக்குத் தெரிந்த உண்மையை எழுத வேண்டும் என்ற ஒரு வீம்பும் இருந்தது.

பசவய்யா டப்பாவோடு அடுத்த குடிசைக்குப் போயிருந்தார். நான் தமிழில் பேசினேன். "நீங்க தமிழ்தானே? தமிழ்னே சொல்லுங்க."

முனியப்பன் திடுக்கிட்டுப் பார்த்தார். "நீங்க தமிழாம்மா?"

"ஆமா. அல்சூர்."

"கன்னடான்னே இருந்துட்டுப் போகட்டுமேம்மா. எங்களுக்கு எதுக்கு வம்பு?"

"ஒரு வம்பும் வராது. இத யாருக்கும் காட்ட மாட்டாங்க. சட்டம் இருக்கு."

"சட்டம் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"நானும்தான் சொல்றேன்" என்றேன்.

அவர் லட்சுமியைப் பார்த்தார். "சரி, தமிழுன்னே எழுதிக்கோங்க" என்றார். அவர் சொன்ன பிறகு பதினோரு குடிசையிலும் அதே பதில்தான் வந்தது. பதினோரு முக்கோணத்துக்குப் பக்கத்திலும் த என்று எழுதினேன்.

மார்ச்சில் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். நஞ்சப்பாவின் மூடி என் பாரங்களில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. "கச்சா காகிதம்?" என்றார். "எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு ஸார்" என்றேன். இல்லை. நோட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. வாழ்க்கையில் நான் வரைந்த முதல் படம் அது. ஏரிக்கு நீலப் பென்சில் கூடத் தீட்டியிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர்களிடம் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கிழித்துப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பரில் காவிரித் தகராறு பெங்களூரில் கலவரமாக வெடித்தது. அது பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டார். வாசலில் இருந்த பெயர்ப் பலகையை எடுத்துவிட்டார். ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். தூரத்தில் எங்கோ புகை தெரிந்தது. தெருவில் யாராவது ஓடினால் பிள்ளைகளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போவேன். எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கப்போகிறது என்று காத்திருந்ததுதான் நடந்தது.

இரண்டாம் நாள் சாயந்திரம் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது டிராயர் ஞாபகம் வந்தது. கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எந்த ஊர், எந்தத் திசை, எந்தக் கதவு, அந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று ஒருவர் கேட்டால் அத்தனைக்கும் பதில் அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது. காவியில் எழுதிய எண்கள் அந்தக் கதவுகளில் இன்னும் அழிந்திருக்காது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவள் நான்.

ஊரடங்கு தளர்ந்த காலையில் புறப்பட்டேன். வீட்டுக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "பைத்தியமா உனக்கு? ஆபீஸ் இன்னிக்குத் திறந்திருக்குமா?"

"கூப்பிட்டிருக்காங்க" என்று பொய் சொன்னேன். நோட்டைப் பற்றி அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதி தூரம் போன பிறகு எதிரே பத்துப் பதினைந்து பேர் கையில் கட்டையோடு வந்தார்கள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். ஆம்பூர்க் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பை. மணமக்கள் பெயர் தமிழில், கொட்டை எழுத்தில். பையை மார்போடு சேர்த்து எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி அணைத்துக்கொண்டேன்.

ஒருவன் என்னை நிறுத்தி, "எல்லிகம்மா?" என்றான். எங்கே போகிறாய் என்று கேட்கிறான்.

தாலுகா ஆபீஸில் வேலை, சிரஸ்தேதார் வரச் சொன்னார் என்று கன்னடத்தில் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஊர் கெட்டுக் கிடக்குது, பொம்பள ஆள் தனியா வராதீங்கம்மா, ஓரமாப் போங்க" என்று கன்னடத்தில் அக்கறையாகச் சொன்னான். அந்த அக்கறைதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. இருபது அடி தாண்டிய பிறகு ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு எழுந்தேன்.

ஆபீஸ் கேட்டில் பசவய்யா சைக்கிளோடு நின்றிருந்தார். விடியற்காலையிலேயே கிளம்பி மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"அம்மாவ்ரே, நேத்து வெளியாளுங்க ஜீப்புல வந்தாங்க. தமிழ்க்காரங்க எங்கேன்னு கேட்டாங்க. வாடகை வீட்டுக்காரங்க முன்னமே ஊருக்குப் போயிட்டாங்க. குடிசைக்காரங்க எல்லாரையும் அதுக்கு முன்னாடியே கெம்பம்மா வீட்டுப் பட்டுப்புழு ஷெட்டுக்குள்ள ஏத்திட்டோம். ஊர்ல எல்லாரும் நம்மாளுங்கதான்னு சொன்னோம். அவங்க நம்பல. தாலுகா ஆபீஸ்ல ஜனகணதி நோட்டு இருக்காம், வீடு வீடா எழுதியிருக்காம், அதைக் கொண்டுவந்து பாத்துக்குறோம்னு சொல்லிட்டுப் போனாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க எழுதினதை நான் பாத்தேனே. ஒவ்வொரு மனைக்கும் ஒரு அட்சரம் போட்டீங்களே. அது எங்கேம்மா?"

அந்த நோட்டைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது என்று பிறகு எனக்குத் தெரிந்தது. கூட வேலை பார்த்தவர்தான். அவரும் பயந்து போய்ச் சொல்லியிருப்பார். பெயர் வேண்டாம்.

உள்ளே ஓடினேன். டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தேன். எடுத்தபின் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பினால் பின்னால் நஞ்சப்பா. அவர் ஆபீஸ் வளாகக் குவார்ட்டர்ஸிலேயே இருந்ததால் அன்றைக்கும் வந்திருந்தார். அவரும் வாட்ச்மேனும்தான் ஆபீஸில்.

கையை நீட்டினார். கொடுத்தேன். நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடி ஏரிக்கரையைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, எழுபத்தொன்றில் நின்றது. பிறகு எழுபத்திரண்டில். அப்படியே ஒவ்வொரு முக்கோணமாக எண்பத்தொன்று வரை. "மார்ச்சுல எல்லாம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்க" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

நஞ்சப்பா தன் நாற்காலிக்குப் போனார். அதில் விரித்திருந்த துண்டைத் தூக்கி நோட்டை அடியில் வைத்து, துண்டைச் சரிசெய்து, மேலே உட்கார்ந்தார். "கண்ணைத் துடைச்சுக்கோங்க" என்றார். "உங்க இடத்துல போய் உட்காருங்க."

நாலு பேர் வந்தார்கள். அவர்களில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மரியாதையாகவே பேசினார். கெரேகோடி ஜனகணதிப் பட்டியல் வேண்டும் என்றார்.

"அர்ஜி எழுதிக் கொடுங்க" என்றார் நஞ்சப்பா. மனு எழுத ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். "பேர், தகப்பன் பேர், ஊர், எந்தக் காரியத்துக்கு வேணும், கீழே கையெழுத்து. நாலு பேருக்கும் தனித்தனியா."

ஒருவன் பேனாவை வாங்கி எழுதப் போனான். பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே கொதிச்சுக்கிட்டு இருக்கு, உனக்கு அர்ஜி வேணுமா?" என்று இன்னொருவன் மேஜையைக் குத்தினான். மசிக்குப்பி கவிழ்ந்தது. நஞ்சப்பா நகரவில்லை. நகரவும் முடியாது. மசி மேஜையில் ஓடி அவர் வேட்டியில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பட்டியல் ஏப்ரல்லயே மேல் ஆபீஸுக்குப் போயாச்சு. இங்கே ஒண்ணும் இல்லை. வேணும்னா பாத்துக்கோங்க. சரோஜம்மா, ரெக்கார்டு ரூமைத் திறந்து காட்டுங்க."

சாவியை வாங்கும்போது என் விரல்கள் அவர் விரலில் பட்டன. அவருடையதும் ஐஸ் மாதிரி இருந்தது.

நாலு பேருக்கு முன்னால் அந்த நடையில் நான் நடந்தேன். அலமாரிகளைத் திறந்தேன். கட்டுகளை இழுத்துத் தரையில் போட்டார்கள். என் டிராயரையும் கழற்றிக் கொண்டுவந்து அங்கேயே கொட்டினார்கள். குண்டூசி டப்பா, விபூதிப் பொட்டலம், பாதி தேய்ந்த நீலப் பென்சில். வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். "அந்த ஊர்ல எழுதினது நீங்கதானே? மனசுல இருக்குமே. சொல்லுங்க."

"கொத்தில்லா" என்றேன். தெரியாது. "நூத்துக்கணக்கான வீடு எழுதினேன்."

அவர் காலில் பட்ட குண்டூசி டப்பாவை ஓரமாகத் தள்ளினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "உங்க தாய்மொழி என்னம்மா?"

அந்த அறையில் ஒரு ஜன்னல்தான். அதற்குக் கம்பி போட்டிருந்தது. வாசலில் ஒருவன் சாய்ந்து நின்றான்.

"கன்னடா" என்றேன்.

என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்தது அந்தச் சொல். அவர் தலையாட்டினார். நாலு பேரும் போய்விட்டார்கள்.

ஜீப் சத்தம் தேய்ந்த பிறகும் நஞ்சப்பா ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சருகு எரிக்கிற குழியில் வைத்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து, பக்க எண்ணைச் சொல்லிச் சொல்லி எரித்தார். நாற்பது பக்கமும் முடிந்ததும் சாம்பலைக் குச்சியால் கிளறிவிட்டார். "யாக்கே?" என்று கேட்டார்.

"படம் அழகா இருந்தது ஸார்" என்றேன். வேறு காரணம் எனக்கே தெரியவில்லை.

அன்றே விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார். எச்சரிக்கையைப் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார். பிறகு தன் பழைய ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து அல்சூரில் எங்கள் தெரு முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

ஜனவரி கடைசியில் முனியப்பன் ஆபீஸுக்கு வந்தார். நாலு நாள் ஷெட்டில் இருந்துவிட்டு எல்லோரும் தர்மபுரிக்குப் போயிருக்கிறார்கள். எல்லாம் அடங்கியதும் திரும்பி வந்தால் குடிசைகள் இல்லை. குவாரிக்காரர் அந்த இடத்தைச் சமன் செய்து ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார். கேட்டால், இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்கிறாராம்.

"ரேஷன் கார்டு கூட எங்களுக்குக் கெடையாது" என்றார் முனியப்பன். "அதான் ஞாபகம் வந்துச்சு. நீங்க எழுதினீங்களே, எம்பேரு, பொஞ்சாதி பேரு, புள்ளைங்க பேரு எல்லாம். எழுபத்தி நாலுன்னு நம்பரு போட்டீங்களே. அதுல ஒரு நகல் குடுங்கம்மா. அதக் காட்டுனா போதும்."

அந்தச் சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. விவரம் சொன்ன அவருக்கே கிடையாது. அதைக் கொண்டு எதையும் நிரூபிக்கவும் முடியாது. அவர் குடிசை அந்த இடத்தில் இருந்ததைக் காட்ட எங்கள் கையில் மிஞ்சியிருந்த ஒரே படத்தையும் குழியில் எரித்துவிட்டோம். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெளியே வேப்பமரத்தடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ரெக்கார்டு ரூமில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "பயந்தா யாரும் அதத்தாம்மா சொல்லுவாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் அதத்தான சொன்னேன். விட்டிருக்கலாம் நீங்க" என்றார்.

என்ன செய்வது என்று நஞ்சப்பாவிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "காகிதம் போச்சு. ஊர் இருக்கில்ல?" என்றார். ஊரார் முன்னால் மகஜர் எடுத்து வரச் சொல்லி உத்தரவு எழுதினார். இந்த இடத்தில் இன்னார் குடியிருந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம் அது. கையெழுத்து வந்தால் தாசில்தார் முன் வைக்கலாம். வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மகஜர் காகிதத்தோடு நான்தான் கெரேகோடிக்குப் போனேன். மாரம்மா கோயில் முன்னால் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். குவாரி மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் புளியமரத்தடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குவாரியால்தான் வண்டி ஓட்டம். தமிழ்க்காரர்களுக்காகச் சாட்சி சொல்கிற நாட்களும் இல்லை அவை. முனியப்பனும் லட்சுமியும் கூட்டத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பசவய்யா மகஜரை உரக்கப் படித்தார். ஏரிக்குக் கிழக்கே, தோப்புக்கு அப்பால், பதினோரு குடிசை. முடித்துவிட்டு, "இது நிஜம்னு சொல்றவங்க முன்னால வாங்க" என்றார்.

யாரும் வரவில்லை. பெஞ்சின் மேல் காகிதம் படபடத்தது, நான் கல்லை எடுத்து வைத்தேன். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் பார்வை போகிற இடத்திலெல்லாம் தலைகள் குனிந்தன. பசவய்யா பேனாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஊரார் முன்வராமல் தலையாரி முதலில் போட்டால் செல்லாது. ஒருவர் மெதுவாக எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். இவர்கள் எல்லோரும் கலையப்போகிறார்கள், நான் வெறுங்காகிதத்தோடு முனியப்பன் முகத்தைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து கெம்பம்மா வந்தாள். நாற்பது வயசு இருக்கும். முசுக்கொட்டை இலை பறித்த கை, விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆளே இல்லைன்னு உங்க முதலாளி சொல்றாராமே. நாலு நாள் என் ஷெட்டுல பட்டுப்புழுவைத் தூக்கி வெளியில வெச்சுட்டு, காலையும் சாயந்திரமும் களி கிண்டிப் போட்டேன். இல்லாத ஆளுங்களுக்கா போட்டேன்?"

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் பெஞ்சுக்கு வந்து, "எங்கேம்மா வைக்கணும்?" என்று என்னிடம் கட்டைவிரலை நீட்டினாள். மை டப்பாவைத் திறக்க என் கைக்கு வரவில்லை. அவளே வாங்கித் திறந்து, விரலை அமுக்கி எடுத்து, காகிதத்தில் அழுத்தினாள்.

அவளுக்குப் பின்னால் மாவு மில்காரர் வந்தார். அப்புறம் கோயில் பூசாரி. இருட்டுவதற்குள் இருபத்து மூன்று பேர் ஆனார்கள், கடைசியாகப் பசவய்யா. நான் கேட்காமலே சிலர் பக்கத்தில் நின்று, எழுபத்தொன்றில் யார், எழுபத்திரண்டில் யார் என்று வரிசையாகச் சொன்னார்கள். எழுபத்து ஐந்தில் ஒரு கிழவர் இருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

தாசில்தார் அந்த மகஜரை ஏற்றுக்கொண்டார். ஒன்றரை வருஷம் இழுத்தது. குவாரி ஓரம் திரும்பக் கிடைக்கவில்லை, ஏரிக்கு மேற்குப் பக்கம், ஊரை ஒட்டிய புறம்போக்கில் மனை கொடுத்தார்கள். பதினோரு குடும்பத்தில் ஏழு குடும்பம்தான் அதுவரைக்கும் காத்திருந்தன. மற்ற நாலும் எங்கே போயின என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மனைப் பட்டாவை வாங்க லட்சுமி தனியாக வந்தாள். முனியப்பன் நெஞ்சில் தூசி அடைத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் பெயருக்கே எழுதியிருந்தோம். கைநாட்டு வாங்கிக்கொண்டு காகிதத்தை நீட்டினேன். அவள் அதை உடனே மடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல எங்களப் பத்தி வேற எதுவும் எழுதலையே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பேரும் மனை நம்பரும்தான்."

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை, ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன். முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.